ஒரு கண்ணாடிக்கு அஞ்சு கிலோ கேப்பை

1. பாம்பு

ட்ரில்லிங் மிஷினைத் தினேஷ் பிடித்திருந்தான். கீழே கொட்டுகிற தூளுக்கு நான் தட்டுப் பிடித்திருந்தேன். சுவர் முதலில் கெட்டியாகத்தான் இருந்தது. பிறகு திடீரென்று பிட் முழுவதும் உள்ளே போய், மிஷினின் மூக்கு சுவரில் இடித்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், "யாருடி அது செவுத்துக்குள்ள?" என்று கேட்டது.

திண்டிவனத்தில் எங்கள் கிளையின் முதல் வேலை அப்படித்தான் தொடங்கியது. கார் கண்ணாடிக்கு பிலிம் ஒட்டும் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி, தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, பிலிமு வெட்டுறதுக்கு செவுத்துல கண்ணாடி எப்படி மாட்டறது?" என்பதுதான். மாட்டுவது சுலபம். எந்தச் சுவரில் மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாப் பேஜாரும் இருக்கிறது. அதனால் நான் பட்ட பாட்டை அப்படியே எழுதி வைக்கிறேன்.

பக்கத்துக் கடை அரவை மில் என்பது எங்களுக்குத் தெரியும். பலகையே பெரிதாக இருந்தது. நடுவில் இருப்பது ஒற்றைக்கல் சுவர் என்பதுதான் தெரியாது. குரலுக்குப் பின்னாலேயே ஆளும் வந்துவிட்டார். மில்லை நடத்துகிற கன்னியம்மா அக்கா. தலை முதல் கால் வரை மாவு, புருவம் கூட வெள்ளை. கோபமாக வந்தார் என்பது நடையில் தெரிந்தது, முகத்தில் தெரியவில்லை.

"இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கீங்க? வந்து பாருங்க, சாமி படத்த இன்னா கதி பண்ணி வச்சிருக்கீங்கன்னு."

போய்ப் பார்த்தேன். மில் சுவரில் முருகன் படம் போட்ட காலண்டர். மயில் மேல் சாமி, மயிலின் காலடியில் பாம்பு. அந்தப் பாம்பின் நடுமுதுகைப் பொத்துக்கொண்டு எங்கள் ட்ரில் பிட் வெளியே வந்து, இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பயத்தில் தினேஷ் சுவிட்சை விட மறந்துவிட்டான்.

அரைக்க வந்து வரிசையில் நின்றிருந்த பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் வரிசையிலிருந்து ஒரு அம்மா முன்னால் வந்து படத்தை உற்றுப் பார்த்தார்.

"யக்கா, நல்லாப் பாரு. சாமி மேல படல, வேலு மேல படல, மயிலு மேலகூட படல. பாம்பு மேலதான் பட்டிருக்கு."

"அதுக்கு இன்னா இப்போ?"

"நல்லதுதான்க்கா. எங்க வூட்டுக்காரருக்கு ராகு நடக்குது."

நான் எங்கள் கடைக்கு ஓடி மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்புவதற்குள் பிட்டுக்குக் குங்குமம் வைத்து முடித்திருந்தார்கள். ஒருவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பக்கம் தினேஷ், "அக்கா, யாரோ புடிச்சி இழுக்கிறாங்க" என்று கத்தினான். அன்று கழற்றிய பிட்டை அதன் பிறகு வேறு எந்தச் சுவரிலும் போட அவன் சம்மதிக்கவில்லை. புதிது வாங்கிக்கொண்டோம்.

2. வடக்குச் சுவர்

கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன். எங்கள் முதலாளி பாஸ்கர் அண்ணனின் கார் அலங்காரக் கடை விழுப்புரத்தில் இருக்கிறது. சீட் கவர், மேட், ஹாரன், பிலிம் எல்லாம் உண்டு. நான் பில் போடத்தான் சேர்ந்தேன். பிலிம் ஒட்டுகிற ஆள் அடிக்கடி லீவு போட்டதால், பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். தினேஷ் முதலாளியின் மச்சினன். கல்யாணம் ஆனவன், நல்ல கைவேலைக்காரன், ஆனால் எதற்கும் பதறுவான்.

பழைய முறையில் பிலிமின் முதுகில் இருக்கும் பாதுகாப்புத் தாளை உரிக்க இரண்டு பேர் வேண்டும். ஈர வேட்டியை உதறுவது போல ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்போம். திருச்சி ரோட்டில் போகிற லாரிப் புழுதி எல்லாம் பிலிமில் வந்து குடியேறும். ஒருநாள் பாஸ்கர் அண்ணன் போனில் ஒரு வீடியோ பார்த்தார். வெளிநாட்டில் ஒருவர் சுவரில் பெரிய கண்ணாடி மாட்டி, அதில் சோப்புத் தண்ணீர் அடித்து, பிலிமை அதன் மேல் போட்டு விடுகிறார். பிலிம் தானாக ஒட்டி நிற்கிறது. ஒரே ஆள் நிதானமாக வெட்டுகிறார், உரிக்கிறார், பாட்டும் பாடுகிறார்.

"ராணிம்மா, நம்ம திண்டிவனம் பிராஞ்சுல இதான். நீயும் தினேஷும் போய் செட் பண்ணுங்க" என்றார்.

கூடவே ஒரு வாஸ்துக்காரரையும் கூட்டிவந்து காட்டினார். அவர் திசைகாட்டியைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றி நின்று, கண்ணாடி வடக்குச் சுவரில்தான் இருக்க வேண்டும், வேறு எங்கே மாட்டினாலும் வியாபாரம் தங்காது என்று சொல்லிவிட்டார். வடக்குச் சுவர் என்றால் மில் சுவர்.

இப்போது தொழில் விஷயம். கண்ணாடி டஃபன்டாக, அதாவது சூடேற்றிக் கெட்டியாக்கியதாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி என்றால் பிளேடு பட்டுப் பட்டுக் கோடு விழும், உடைந்தால் ஆளையும் கிழிக்கும். டஃபன்டு கண்ணாடியில் அப்புறம் துளை போட முடியாது, போட்டால் மொத்தமும் கற்கண்டாகக் கொட்டிவிடும். அதனால் கீழே தாங்க ஸ்டீல் சேனல், மேலேயும் பக்கத்திலும் பிடிக்க கிளிப். மாட்டுமுன் பின்னால் இருக்கும் சுவருக்கு வெள்ளை பெயின்ட் அடித்துவிடுங்கள். அப்போதுதான் பிலிமில் தூசி இருந்தால் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடிக்குக் கீழே ஒரு பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்து மாட்டி, வடிகிற தண்ணீரை பக்கெட்டில் விடுங்கள். இல்லாவிட்டால் நாள் முழுக்க சோப்புத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டே வேலை பார்ப்பீர்கள்.

உயரம் முக்கியம். வீடியோவில் இருந்தவர் நெட்டை. பாஸ்கர் அண்ணனும் நெட்டை. அவர் தன் தோளுக்கு நேராகச் சுவரில் மார்க் போட்டுவிட்டுப் போயிருந்தார். அந்த மார்க்கில் துளை போட்டுத்தான் பாம்பைக் குத்தினோம். குத்திய பிறகுதான், இதில் வேலை செய்யப்போவது நான் அல்லவா என்று எனக்குத் தோன்றியது. கண்ணாடியைக் கீழே இறக்கி, கொஞ்சம் தள்ளி மாட்டினோம். பழைய துளை கண்ணாடிக்குப் பக்கத்தில், ஏறக்குறைய என் காதுக்கு நேராகத் தனியே நின்றது. சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். அடைக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

பூஜை அன்று பாஸ்கர் அண்ணன் வந்து, கண்ணாடியின் நட்டநடுவில் மூன்று கோடாக விபூதியைப் பட்டையாகப் போட்டு, நடுவில் குங்குமமும் வைத்தார். பிலிமுக்கு அடியில் ஒரு துகள் போனாலும் பருப் போலத் தெரியும். இங்கே கைப்பிடி விபூதி. நான் மெல்லத் துணியை எடுத்தேன்.

"இன்னா ராணிம்மா, சாமிய தொடைக்கப் போறியா?"

"தொடைக்கலண்ணா. கொஞ்சம் நவுத்தி வைக்கலாம்."

சாமியைச் சேனலுக்கு நகர்த்தச் சம்மதித்தார். இன்றைக்கும் எங்கள் கடையில் விபூதி சேனலில்தான்.

போகும்போது ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். கோட்டக்குப்பத்தில் ரஹீம் பாய் என்று ஒருவர், வளைகுடாவில் இருந்து திரும்பி வந்து டிராவல்ஸ் வைத்திருக்கிறார். நிறைய வேன்கள். எல்லாவற்றுக்கும் வெயில் தடுக்கிற பிலிம் ஒட்ட வேண்டுமாம். முதலில் ஒரு வண்டியை அனுப்பிப் பார்ப்பாராம்.

"அந்த மொத வண்டி சுத்தமா வந்துச்சுன்னா இந்த பிராஞ்ச் ஒன் கைல ராணிம்மா. சொதப்புச்சுன்னா தினேஷு இங்க பாத்துக்கட்டும், நீ விழுப்புரத்துக்கே வந்துடு."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது சாதாரணம் இல்லை. என் வீடு மயிலம் பக்கம் ஒரு கிராமத்தில். விழுப்புரத்தில் வேலை பார்த்த நாளெல்லாம் பஸ் பிடித்து வீடு போய்ச் சேரும்போது என் மகள் யாழினி சாப்பிட்டுத் தூங்கியிருப்பாள். தூங்குகிற பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் அவள் என்ன படிக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். திண்டிவனம் என்றால் இருட்டுவதற்குள் வீடு. அவளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், ஆனால் அது ரொம்ப வேண்டியிருந்தது.

3. மிளகாய் நாள்

முதல் பிலிமைக் கண்ணாடியில் போட்டுவிட்டு டீ குடிக்கத் திரும்பினேன். தினேஷ் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "அக்கா, பிலிமு நடக்குது" என்றான்.

திரும்பிப் பார்த்தால் உண்மையாகவே நடந்தது. ஈரமான பிலிம் கண்ணாடியில் இருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கி, பைப்புக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் கை வைத்தேன். உள்ளங்கையில் ஜிவ்வென்று நடுக்கம். அந்தப் பக்கம் மில் ஓடிக்கொண்டிருந்தது.

பாஸ்கர் அண்ணனுக்கு போன் போட்டு, வேறு சுவருக்கு மாற்றலாமா என்று கேட்டேன். "வாஸ்துக்காரரு வடக்குன்னு சொல்லிட்டாரும்மா" என்றார். மில் ஓடுவதை வாஸ்துக்காரர் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "அவரு திசைதாம்மா பாப்பாரு, மில்லெல்லாம் பாக்க மாட்டாரு" என்றார்.

பஞ்சர் கடையில் பழைய டியூப் வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, சேனலுக்குள்ளும் கிளிப்புக்குள்ளும் வைத்தோம். பிலிம் நடப்பது நின்றது. நடுக்கம் குறைந்தது, நிற்கவில்லை. நேராக வெட்டினால் ஓரம் நெளிநெளியாக வந்தது. பழைய பிலிம் துண்டுகளில் வெட்டி வெட்டிப் பழகினேன். கண்ணாடி இந்தப் பக்கம் அதிர்ந்தால் கையை அந்தப் பக்கம் துளி கொடுக்க வேண்டும். அதை யோசித்துச் செய்ய முடியாது, கை தானாகச் செய்ய வேண்டும். கொஞ்ச நாளில் என் கை செய்தது. ஸ்கேல் வைத்த மாதிரி கோடு விழுந்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

அரைக்கிற பொருளுக்குத் தகுந்த மாதிரி நடுக்கம் மாறும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கேப்பை, அதாவது கேழ்வரகு என்றால் ஒரே சீராக மெல்லிசாக நடுங்கும். கோதுமை என்றால் விட்டு விட்டுத் தட்டும். பச்சரிசி இரண்டுக்கும் நடுவில். அதனால் கன்னியம்மா அக்காவோடு ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். ஒவ்வொரு முறையும் மில்லில் கொட்டுமுன் அக்கா அந்தத் துளையில் வாயை வைத்துச் சொல்லிவிடுவார்.

"ராணி, கேப்பை போடறேன்."

"போடுங்கக்கா, பின்கண்ணாடி வெட்டப் போறேன்."

"கோதும வருது, பாத்துக்கோ."

"ஒரு நிமிசம்க்கா, பிளேட எடுத்துடறேன்."

புதிதாக வருகிறவர்களுக்கு, அக்கா காலண்டர் பாம்பின் முதுகில் வாய் வைத்து, இன்றைக்கு என்ன அரைக்கப்போகிறோம் என்று பாம்பிடம் சொல்வது போலத் தெரிந்தது. பாம்பு பதிலும் சொன்னது. ராகு நடக்கிற வீட்டுக்கார அம்மா மட்டும் அதைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை.

மிளகாய் அரைக்கிற நாள்தான் கஷ்டம். அந்தத் துளை வழியாக நெடி நேராக எங்கள் கடைக்குள் வரும். துணியைச் சுருட்டி அடைத்தாலும் தினேஷ் தும்முவான். ஒருமுறை பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு தும்மி, ஒரு கதவுக் கண்ணாடிக்கான பிலிமில் தமிழ்நாட்டு மேப்பையே வெட்டிவிட்டான். அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறோம். கன்னியாகுமரி மட்டும் கொஞ்சம் நீளம்.

4. ரஹீம் பாய் வண்டி

ஆடி மாதம் நெருங்கும்போது ரஹீம் பாய் தன் வண்டியோடு தானே வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தாடி, அமைதியான மனிதர். பாஸ்கர் அண்ணனும் விழுப்புரத்தில் இருந்து காலையிலேயே வந்து நின்றார்.

"கறுப்பா அடிச்சிடுவீங்களாம்மா? அங்க கல்ஃப்லயெல்லாம் உள்ள ஆள் இருக்கறதே தெரியாது" என்று ரஹீம் பாய் கேட்டார்.

"இங்க உள்ள இருக்கறவங்க தெரியணும் பாய். சட்டம் விடற அளவுக்கு வெளிச்சம் போற பிலிம்தான். ஆனா வெயிலு தெரியாது."

"அதான் வேணும். ஏசி போட்டாலும் மண்டைய பொளக்குதும்மா. ஏர்றவங்க எல்லாம் துண்டு போட்டுக்கினு உக்கார்றாங்க."

நான் கண்ணாடியைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் அடித்து, பின்கண்ணாடிக்கு பிலிமை விரித்தேன். காதைத் துளைப் பக்கம் வைத்தேன். சத்தமே இல்லை.

பாஸ்கர் அண்ணன் பெருமையோடு சிரித்தார். "ராணிம்மா, நீ ஆடற கண்ணாடில கஷ்டப்படறன்னு தினேஷு சொன்னான். அதான் நேத்தே அந்த அக்காகிட்ட கேட்டுக்கினேன். இன்னிக்கு மதியம் வரைக்கும் மில்லு லீவு. நிம்மதியா வெட்டு."

என் மேல் அக்கறையாகத்தான் செய்தார். பிளேடை எடுத்து, மேல் ஓரத்தில் வைத்து, ஒரே இழுப்பாக இழுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஓரம் முழுக்க அலை. மரக்காணம் கடற்கரையை மேலே இருந்து பார்த்த மாதிரி இருந்தது.

பிளேடு மழுங்கிவிட்டது என்று சொல்லி முனையை உடைத்துப் புதிது எடுத்தேன். இரண்டாவது பிலிமை விரித்தேன். மூச்சை அடக்கி வெட்டினேன். முதல் தடவையை விட அழகான அலை. கண்ணாடி சாமி மாதிரி அசையாமல் நின்றது, என் கைதான் நடுங்கியது. இந்தக் கண்ணாடி அமைதியாக நின்று நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வருமுன் மில்லைத் திறந்துவிடுவார்கள், வரிசை ஓயாமல் ஓட்டி, நான் போன பிறகுதான் மூடுவார்கள். இரண்டு கடைக்கும் வார லீவும் ஒரே நாள். கரன்ட் போனால் மில்லும் நிற்கும், என் லைட்டும் அணைந்துவிடும்.

ரோலில் மிச்சம் இருந்தது இன்னும் ஒரு பின்கண்ணாடிக்கும் கதவுக் கண்ணாடிகளுக்கும் மட்டும்தான் வரும். ரஹீம் பாய் டீயைக் குடித்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்கர் அண்ணன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"தினேஷு, நீ வெட்டு" என்றார்.

எனக்கு விழுப்புரம் பஸ் கண் முன்னால் வந்து நின்றது. பிளேடைக் கீழே வைத்தேன். தினேஷ் அதை எடுக்கவில்லை.

"மாமா, அக்கா கைல ஒண்ணும் கோளாறு இல்ல. மில்லு ஓடல, அதான்."

"மில்லு ஓடலன்னா நல்லாத்தானடா வரணும்?"

"ஓடுனாத்தான் அக்காவுக்கு நேரா வரும் மாமா. நான் வேணா பந்தயம் கட்டறேன். அதோட, எனக்கு விழுப்புரமே போதும். இங்க மொளகா நெடி தாங்கல."

பாஸ்கர் அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ரஹீம் பாய்தான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சரியாத்தான் சொல்றாரு தம்பி. கடலுக்குப் போயிட்டு வந்தவனுக்கு தரை ஆடும். மில்ல போடச் சொல்லுங்க."

நான் துளையில் வாய் வைத்தேன். "அக்கா, மில்லப் போடுங்க."

"லீவு உட்டுட்டனே ராணி. ஆளே இல்ல."

"சும்மா ஓட்டுங்கக்கா."

"வெறும் கல்ல ஓட்டுனா கல்லு தேஞ்சிடும்மா. எதனா கொட்டணும்."

"எது கொட்டினா நல்லாருக்கும்?" என்று பாஸ்கர் அண்ணன் என்னிடம் கேட்டார். ஒரு முதலாளி என்னிடம் கேட்ட கேள்விகளில் இதற்குத்தான் நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். "கேப்பைண்ணா."

இஸ்திரி போட்ட சட்டையோடு ரோட்டைத் தாண்டி மளிகைக் கடைக்கு ஓடினார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடி வந்தார். ரஹீம் பாய் எழுந்து, "வாங்க, நான் பைய புடிக்கறேன்" என்று கூடவே மில்லுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் சுவருக்குள் மோட்டார் உறுமியது. பைப்பில் தேங்கி நின்ற தண்ணீரில் மெல்லச் சுருக்கம் விழுந்தது. கண்ணாடியில் கை வைத்தேன். அந்த ஜிவ்வென்ற நடுக்கம் வந்ததும் என் கை அடங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, இரண்டையும் முழுங்கிக்கொண்டு வெட்டத் தொடங்கினேன்.

மேல் ஓரம் நேராக வந்தது. பக்க வளைவும் வந்தது. துளை வழியாக அந்தப் பக்கத்துப் பேச்சு கேட்டது.

"ஏம்மா, ஒரு கண்ணாடிக்கு எத்தினி கிலோ ஆவும்?" என்று ரஹீம் பாய் கேட்டார்.

"பின்கண்ணாடிக்கு அஞ்சு கிலோ புடிக்கும் பாய். கதவுக்கெல்லாம் ரெண்டு ரெண்டு கிலோ போதும்" என்று கன்னியம்மா அக்கா காய்கறிக் கணக்குப் போலச் சொன்னார்.

கீழ் ஓரத்தில் பாதி வந்தபோது அக்காவின் குரல் துளையில் வந்தது. "ராணி, கேப்பை தீரப்போவுது. ஜல்தியா வெட்டு."

"இன்னும் ரெண்டு ஜாண் இருக்குக்கா. நிறுத்தாதீங்க."

"என் வண்டில கோதும மூட்ட இருக்கு, எடுத்தாரேன்" என்றார் ரஹீம் பாய்.

"கோதும வேணாம் பாய், அதுக்கு கை வேற மாதிரி" என்று நான் பிளேடை எடுக்காமலே கத்தினேன்.

அதற்கு மேல் பாஸ்கர் அண்ணன் யோசிக்கவில்லை. கீழே வந்து விழுந்த மாவை இரண்டு கையாலும் அள்ளி மறுபடியும் மேலே கொட்டினார். தும்மலும் இருமலுமாகக் கேட்டது. மோட்டார் நிற்கவில்லை. நான் கடைசி மூலையைத் திருப்பி பிளேடை எடுத்தேன். ஓரம் நூல் பிடித்த மாதிரி நின்றது. தினேஷ் பதறாமல் ஒரு வார்த்தை சொன்ன இரண்டாவது முறை அது: "வந்துடுச்சுக்கா."

மில்லில் இருந்து இரண்டு பேர் வெளியே வந்தார்கள். ரஹீம் பாய் முன்பே வெள்ளை என்பதால் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. பாஸ்கர் அண்ணனை அவருடைய மச்சினனுக்கே அடையாளம் தெரியவில்லை. "யாரு வேணுங்க?" என்று கேட்டுவிட்டான்.

கதவுக் கண்ணாடிகளுக்கும் அதே மாவையே திரும்பத் திரும்பக் கொட்டினார்கள். வண்டி வெளியே போகும்போது ரஹீம் பாய் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தி, வெயில் பக்கமாகக் கன்னத்தை வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"மத்த வண்டியெல்லாம் வாரத்துக்கு ஒண்ணா அனுப்பறேன். கேப்பையும் நானே குடுத்து உட்டுடறேன் தம்பி, ஒங்க சட்ட பாழாவுது."

பாஸ்கர் அண்ணன் தலையில் இருந்த மாவைத் தட்டிக்கொண்டே என்னிடம் சாவியைக் கொடுத்தார். "மேல் பூட்டு கொஞ்சம் இறுக்கமா இருக்கும், அழுத்தித் திருப்பு" என்று மட்டும் சொன்னார்.

5. சுவருக்கு அந்தப் பக்கம்

அந்த மாவைப் பாஸ்கர் அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனார். அத்தனை முறை அரைத்த கேப்பை மாவு முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி இருந்ததாம். ஆடி முழுக்க அவர் வீட்டில் கூழ்தான். அண்ணி எனக்கு போன் போட்டு, "இவ்ளோ நைசா எந்த மில்லுல அரைச்சீங்க ராணி?" என்று கேட்டார். நான் மில் பெயரைச் சொன்னேன். எத்தனை முறை என்று சொல்லவில்லை.

ரஹீம் பாயின் வேன்கள் எல்லாம் வந்து போயின. ஒவ்வொரு வண்டியின் பின்சீட்டிலும் ஒரு பை கேப்பை இருந்தது. பிலிமும் முடியும், மாவும் தயாராகும். டிரைவர்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டு போவார்கள். வாஸ்துக்காரர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, வடக்குச் சுவர் வேலை செய்கிறது என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இப்போது புதிதாகக் கண்ணாடி மாட்டப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டேப்பையும் லெவலையும் எடுப்பதற்கு முன்னால், சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போங்கள். அங்கே யார் இருக்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள், எப்போது மிளகாய் அரைக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வாருங்கள். முடிந்தால் ஒரு டீயும் குடித்துவிட்டு வாருங்கள். ஒரு சுவரில் பாதிதான் நம்முடையது. மற்றப் பாதியில் இருப்பவர் மனசு வைத்தால்தான் நம் பாதியும் நிற்கும். எனக்கு இது தெரியாமல் ஒரு பாம்பைக் குத்தித்தான் தெரிந்தது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் யாழினியின் நோட்டுகளுக்கு அட்டை போட உட்கார்ந்தேன். இருட்ட இன்னும் நேரம் இருந்தது. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது, இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடப்போகிறோம். பிரவுன் தாளை மடித்து வெட்டினேன். ஓரம் அலை அலையாக வந்தது. அவள் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மா, நீ எல்லாக் காருக்கும் இப்படித்தான் வெட்றியா?"

"இல்லடி. எழுந்து போய் மிக்ஸியப் போடு."

"உள்ள என்னம்மா போடறது?"

"கேப்பை இருந்தா கேப்பை. இல்லன்னா ஒரு பிடி மல்லாட்டை போடு, இன்னிக்கி சட்னி அரைச்ச மாதிரியும் ஆவும்."

வேர்க்கடலையோடு மிக்ஸி ஓடியது. மிக்ஸி இருந்த மேடையிலேயே தாளை வைத்து வெட்டினேன். அட்டை நேராக வந்தது. எல்லா நோட்டுக்கும் போட்டு முடித்தபோது சட்னி கொஞ்சம் அதிகமாகவே நைசாகியிருந்தது. இரண்டு பேரும் அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.